இயாகோவை முதல் காட்சியிலேயே வில்லனாகக் காட்டலாமா?

ராயபுரம்வாசி:
தண்டையார்பேட்டையில் எங்கள் குழு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தைத் தமிழில் போட ஒத்திகை பார்க்கிறது. தளபதி ஒதெல்லோவைக் கூடவே இருந்து ஏமாற்றுகிற இயாகோ வேஷம் எனக்கு. முதல் காட்சியிலிருந்தே கண்ணை உருட்டு, பல்லைக் கடி என்கிறார் இயக்குநர். அப்படிச் செய்தால் இவனை நம்புகிற ஒதெல்லோ முட்டாளாகத் தெரிய மாட்டானா?

பழைய_நடிகன்:
உருட்டவே வேண்டாம் தம்பி. நாடகம் தொடங்குவதே இயாகோவை வைத்துத்தான், ஒதெல்லோ வருவது இரண்டாம் காட்சியில். தனக்கு வரும் என்று நினைத்த துணைத்தளபதி பதவி காசியோ என்பவனுக்குப் போன வயிற்றெரிச்சலைக் கூட்டாளி ரோடரிகோவிடம் கொட்டுகிறான், நான் வெளியே தெரிகிற ஆள் இல்லை என்று அவனே சொல்லிவிடுகிறான், அப்புறம் ராத்திரியில் ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் அப்பா வீட்டு வாசலில் நின்று கத்துகிறான். யார் என்று அவர் கேட்டால் ரோடரிகோ தன் பெயரைச் சொல்கிறான், இவன் மட்டும் சொல்வதில்லை, ஆள் கூடுவதற்குள் நைசாக நழுவிவிடுகிறான். ஆள் எப்படி என்று காட்ட இது போதாதா? ஒதெல்லோவோ கடைசிக் காட்சி வரை அவனை நேர்மையானவன் என்கிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, பதற்றமே அதில்தான்.

வியாசர்பாடி_கூத்து:
உங்கள் இயக்குநர் தெருக்கூத்து நிறைய பார்த்திருப்பாரோ! துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருவான், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேட்கக் கேட்கத் தன் பெருமையை அவனே அளப்பான். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை என்று வேஷமே பாதி பேசிவிடும். இயாகோவுக்கு அது எடுபடாது.

ராயபுரம்வாசி:
சரி, இன்று சிரித்த முகத்தோடு செய்து பார்க்கிறேன். திட்டு விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு அண்ணா.