கீரனூர் – நார்த்தாமலை – சித்தன்னவாசல்: லாரி இல்லாத தார்ச்சாலை தேவை

திருச்சியிலிருந்து சைக்கிளில் கிளம்பி நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் மூவர் கோயில் பார்த்துவிட்டு விராலிமலையில் முடிப்பதாகத் திட்டம். பொங்கலுக்கு அடுத்த சனி, ஞாயிறு. நானும் அக்காவும். அன்னவாசல் தாண்டிவிட்டால் கவலையில்லை, அங்கே ஆட்டு மந்தைதான் டிராஃபிக். மாட்டிக்கொண்டிருப்பது கீரனூருக்கும் சித்தன்னவாசலுக்கும் நடுவில்.

புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் பஸ்ஸும் டிப்பரும் ஓரத்தை உரசிக்கொண்டு போவதால் அது வேண்டாம். மேப் காட்டிய ஊர்ச்சாலையில் போய்ப் பார்த்தேன். நார்த்தாமலைக்கு முன்னாலேயே தார் தீர்ந்து, கல் குவாரிக்குப் போகும் ஜல்லித் தடமாகிவிடுகிறது. பின் டயரில் கருங்கல் சில்லு இறங்கி, பக்கவாட்டில் விரல் நகம் அளவுக்குக் கிழிசல். டயர் 28 மி.மீ.; அதைவிட அகலமாகப் போட ஃபோர்க்கில் இடமில்லை. சேட்டிலைட் படத்தில் தார் எது, மண் எது என்று பிரித்துத் தெரியவில்லை. டீக்கடையில் கேட்டால், "மெயின் ரோட்டுலயே போயிருங்க தம்பி" என்கிறார்கள்.

நார்த்தாமலைப் பாறை மேல் இருக்கும் விஜயாலய சோழீச்சரம் கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்பதால் கீரனூரை விடியற்காலையிலேயே கடந்துவிடுவோம். (பெடலில் மாட்டும் கிளீட் ஷூவோடு அந்தப் பாறையில் ஏற முடியாது, செருப்பு தனியாக எடுத்துக்கொள்கிறோம்.)

சமீபத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள்: நெடுஞ்சாலையைத் தொடாமல், முழுக்கத் தார் போட்ட வழியில் கீரனூரிலிருந்து நார்த்தாமலை போய், அங்கிருந்து சித்தன்னவாசலுக்கு எந்தெந்த ஊர் வழியாகப் போக வேண்டும்?