காரைக்குடியில் ஒரு நாள்: கடை கடையாகச் சுற்ற எந்த வரிசை நல்லது?

கேள்வி (வைகைக்கரை):
மதுரையில் இருந்து காலை பஸ்ஸில் வந்து இரவு திரும்பணும். கோயில், பெரிய வீடுகள் எல்லாம் இந்தத் தடவை வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள், ஒரு கண்டாங்கிச் சேலை, வீட்டுக்குக் கொஞ்சம் பலகாரம், நடுவில் நிதானமாக ஒரு காபி. பழசுக்கும் பழசு மாதிரி செய்ததுக்கும் வித்தியாசம் எப்படிப் பார்ப்பது? தரைக்கல் செய்கிற ஆத்தங்குடியையும் சேர்க்க முடியுமா?

செக்காலை:
பழைய சாமான் கடையை முதலில் வையுங்க. உள்ளே சாமான் அடுக்கி இருட்டாக இருக்கும்; எதையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கணும். பத்து மணிவாக்கில்தான் ஒவ்வொன்றாகத் திறப்பாங்க. அதுவரை டிபன்: வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. ஒரு டம்ளர் பச்சரிசிக்கு, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளக்கிற மாவு. ஆறினால் தோல் மாதிரி இழுக்கும். சட்டியில் இருந்து எடுக்கும்போதே வாங்கிடுங்க.

மதியச் சாப்பாட்டுக்குச் சின்னக் கடைகள் பலவும் அடைச்சிடும். காபிக்கும் ஓய்வுக்கும் அந்த நேரம்தான்.

மங்குச்சாமான்:
ஒரு சின்னக் காந்தம், 10 மடங்கு லென்ஸ், போன் டார்ச். இது போதும்.

பித்தளை: காந்தம் ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டலைன்னாலும் பழசுன்னு முடிவு கட்டாதீங்க. கவிழ்த்துப் பாருங்க. தரையில் உட்காரும் விளிம்பும் கை பிடிக்கிற இடமும்தான் தேய்ந்திருக்கணும். மூலை முடுக்கு எல்லாம் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது ஆசிட்டில் ஏற்றிய பழமை.

ரவிவர்மா படம்: அவருடைய அச்சகம் பம்பாயில் 1894ல் ஆரம்பித்தது, கல் அச்சு. லென்ஸை முகத்தின் மேல் வைத்தால் பொடி தூவின மாதிரி ஒழுங்கில்லாத புள்ளிகள் தெரியும். வரிசை கட்டி நிற்கிற புள்ளிகள் என்றால் பிற்கால ஆப்செட் அச்சு. சரிகையும் சமிக்கியும் ஒட்டின படத்தில், ஒட்டுக்குக் கீழே இருக்கிற காகிதத்தைப் பார்த்துத்தான் விலை பேசணும்.

எனாமல் மங்கு: அடியில் முத்திரை இருக்கும். சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா அதிகம் கண்ணில் படும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1918ல்தான் பிறந்தது; அந்த முத்திரைத் தட்டை '150 வருஷப் பழசு' என்றால் நம்பாதீங்க.

சாமி சிலைகளைத் தொடவே வேண்டாம், எங்கிருந்து வந்ததுன்னு தெரியாது. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வருகிறவர்களும் கவனிக்கணும்: 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. மங்குத் தட்டில் சாப்பிடலாமா?

மங்குச்சாமான்:
வேண்டாம். இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பூச்சு அது. விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும், பெயர்ந்த துணுக்கு சோற்றில் கலக்கும். பழைய மஞ்சள், சிவப்புச் சாயங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். புளிப்புப் பட்டால் இறங்கும். தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடலாம், சுவரில் மாட்டலாம்.

கட்டம்போட்டசேலை:
கண்டாங்கி 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் விசைத்தறியில் அதே கட்டத்தைப் போட்டு விற்பதும் உண்டு. சேலையின் இரண்டு ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடியுங்க. கைத்தறியில் துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்கிற குச்சியின் ஊசி குத்தின பொடித் துளைகள் பெரும்பாலும் ஓரத்தோடு ஓடும். அரக்கு, கறுப்பு என்றால் முதல் மூன்று தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்க, சாயம் விடும்.

ஆத்தங்குடியை இதோடு சேர்க்காதீங்க. கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி அச்சு எடுப்பதை நின்று பார்க்கவே அரை நாள் வேணும்.

செக்காலை:
சேர்க்காதீங்கன்னு நானும் சொல்வேன். கல் வாங்கப் போறவங்க மட்டும் காலையிலேயே தனி வண்டியில் போய்ட்டு வந்துடலாம்.

பலகாரம் கடைசியில், பஸ் ஏறும் முன்னாடி. சீப்புச் சீடையில் தேங்காய்ப் பால் சேர்வதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்துட்டு வாங்குங்க. தேன்குழலுக்கு வீட்டில் இருந்தே ஒரு தகர டப்பா கொண்டுவாங்க. பையில் போட்டால் மதுரை போகும்போது பொடிதான் மிஞ்சும்.