தலைக்கு மேல் 'புஸ்'

சென்ட், பெயின்ட், தரை துடைக்கும் திரவம், எதுவானாலும் பத்து நிமிடத்தில் எனக்குத் தொண்டை இறுகிவிடும். அப்புறம் தலைவலி, பேச்சில் தடுமாற்றம். வெளியில் 'அலர்ஜி' என்று சொல்லிச் சமாளிப்பேன். 1987-ல் மார்க் கல்லன் என்ற மருத்துவர் வரையறுத்த 'மல்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி'யை, அதாவது பல வேதிப்பொருள்கள் கொஞ்சம் பட்டாலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நிலையை, வாசலில் நின்றுகொண்டு யாருக்கு விளக்குவது?

போன வருடம் ஒரு வாசிப்புக் கூட்டம். நடத்தியவர் அழைப்பிலேயே "சென்ட் வேண்டாமே" என்று எழுதியிருந்தார். வந்த இருபது பேரும் மதித்தார்கள். நம்பி உள்ளே உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தலைக்கு மேல் 'புஸ்' என்றது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, தானாகவே தெளிக்கும் ஏர் ஃப்ரெஷ்னர். ஒருவர் நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றினார். ஆனால் திரைச்சீலையெல்லாம் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வராந்தாவில் என்று கதவோரத்தில் இருந்தே மீதியைக் கேட்டேன்.

அடுத்த மாதம் கூட்டம் நடத்தியவரே போன் செய்தார். "எதில் துடைக்கிறார்கள், எப்போது துடைக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டேன்" என்றார். முதல் நாள் மாலையே மணமில்லாத சோப்பு நீரில் துடைத்து, இரவு முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். கடைசி வரை உள்ளே இருந்தேன். ஆளை மோந்து பார்ப்பதற்கு முன் கட்டடத்தை மோந்து பார்க்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

* * *

அந்த மாதிரிப் பெட்டியை மாட்டிய ஆள்தான் நான். ஒரு அரங்கத்தைப் பராமரிக்கிறேன். புகார் வந்ததும் 'அன்சென்டட்' (மணமற்றது) என்று போட்ட திரவத்தை வாங்கினேன். அப்படியும் ஒருவருக்கு மூச்சு முட்டியது. பிறகுதான் தெரிந்தது, மற்ற மணத்தை அமுக்க அதிலும் ஒரு வாசனைப் பொருள் இருக்கலாமாம். பார்க்க வேண்டியது 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ', அதாவது வாசனைப் பொருளே சேர்க்காதது. ஏர் பியூரிஃபயரும் காலை வாரியது: ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயு அதில் நிற்காது, அதற்குக் கரி வடிகட்டி வேண்டும். பெயின்ட் அடித்தால் இப்போதெல்லாம் தேதியை அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறேன்.

* * *

"எல்லாம் மனப்பிரமை" என்று, வாசனையால் அவதிப்படும் என் முகத்துக்கு நேரே சொன்னவர் உண்டு. முன்னால் இருப்பது வேதிப்பொருளா வெறும் காற்றா என்று சொல்லாமல் செய்த சோதனைகளில் பலரால் வித்தியாசம் காண முடியவில்லை என்பதும் உண்மைதான். காரணத்தைப் பற்றிய விவாதம் முடியவில்லை. தலைவலி அதுவரை காத்திருப்பதில்லையே! அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009-லேயே தன் அலுவலகங்களுக்குள் ஏர் ஃப்ரெஷ்னரைத் தடை செய்தது. ஆஸ்துமாக்காரர்கள் இழுப்பதும் அதே காற்றுதானே.

எங்கள் குழுவில் கூட்டத்துக்கு முன் ஒருவர் கழிவறை வரை போய்ப் பார்த்து வருகிறார். சென்ற வாரம் வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு வாசனை வில்லை அகப்பட்டது.