கிரவுண்ட் கிளாஸுக்குத் தமிழ்: 'தரைக்கண்ணாடி' வேண்டாம்

கல்லடியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பெரிய பிலிம் கமராவின் பின்பக்கத்தில் விம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸுக்குத் தமிழாக, போன வாரம் இங்கே 'தரைக்கண்ணாடி' என்று ஒரு சொல் வந்து விழுந்தது. இரண்டு பேர் 'அருமை' என்றும் எழுதிவிட்டீர்கள். அப்படியே நிலைத்துவிடுமோ என்ற பயத்தில்தான் இந்த நீண்ட கடிதம்.

மட்டக்களப்பில் கிரவுண்ட் என்றால் வெபர் கிரவுண்ட்தான் முதலில் நினைவுக்கு வரும், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த கிரவுண்ட் மைதானமும் இல்லை, தரையும் இல்லை. அரைப்பதைச் சொல்லும் 'கிரைண்ட்' என்ற ஆங்கில வினையின் இறந்தகாலம் அது. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் கார்பொரண்டம் பொடியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, இன்னொரு கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் பால் நிறமாகி ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கும். வில்லை வழியாக வரும் விம்பம் அந்தத் தேய்ந்த முகத்தில் விழுவதால்தான் பின்னால் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, 'அரைத்த கண்ணாடி' என்று திருத்தலாமே என்றார் ஒரு அண்ணன். அரைத்த மிளகாய், அரைத்த மா என்று பழகிய வாய்க்கு அரைத்த கண்ணாடி என்றால் கண்ணாடித் தூள்தான். பட்டத்து நூலுக்குப் பூசவா என்று கேட்பார்கள். 'தேய்கண்ணாடி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தேய்பிறை மாதிரி நல்ல வினைத்தொகை, நடுவில் ககர ஒற்று மிகாது. ஒரு மாதம் அதையே பாவித்தேன். பேச்சில் 'தேய்' தேய்ந்துபோய் வெறும் கண்ணாடிதான் மிஞ்சியது.

அதனால் வந்த வினை இது. ஒரு சனிக்கிழமை விடியக்காலை, ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்து வெளிச்சவீட்டைப் படம் எடுக்கப் போனேன். 4×5 அங்குலக் கமரா, 150 மில்லிமீற்றர் வில்லை, கடற்கரை உப்புக்காற்று. கறுப்புச் சீலைக்குள் தலையை விட்டுக்கொண்டே, "கண்ணாடி மங்கலாக் கிடக்கு, ஒருக்காத் துடை மனே" என்றேன். ஒரு அசைவும் இல்லை. சீலையை விலக்கிப் பார்த்தால், பையன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டு நிற்கிறான். "என்ட கண்ணாடி மங்கலெண்டு உள்ளுக்குள்ள இருந்து எப்பிடித் தெரிஞ்சது சேர்?" என்று கேட்டான். கிழக்கில் இருந்த நிறமெல்லாம் அதற்குள் வெளுத்துவிட்டது.

மூக்கில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, யன்னலில் இருப்பதும் கண்ணாடி. போதாததற்கு எஸ்எல்ஆர் கமராக்களுக்குள் நிஜமாகவே முகக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமா? இப்போது அக்ரிலிக்கில் செய்தும் விற்கிறார்கள், அதைக் கண்ணாடி என்பதே பொய்.

பொருளை விட்டு வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். என் முன்மொழிவு 'விம்பத்திரை'. பேச்சில் 'திரை' போதும்.

வாவிக்கரையில் வடக்கு நோக்கிக் கமராவை நிறுத்திச் சீலைக்குள் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிழக்கே உள்ள எழுவான்கரை இடது பக்கம் போய்விடும், மேற்கே உள்ள படுவான்கரை வலது பக்கம் வந்துவிடும், தோணிகள் வானத்தில் தொங்கும். உள்ளே இருட்டில் ஒளிர்வது ஒரு சின்னப் படம், அதை ஏந்துவது திரை. குவியம் சரி பார்த்த பிறகு பிலிம் தாங்கியைச் செருகினால் திரை வில்லால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அதன் தேய்ந்த முகம் இருந்த அதே இடத்தில் பிலிம் வந்து உட்காரும். ஒரு தடவை துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டும்போது தேய்ந்த முகத்தை என் பக்கமாக வைத்துவிட்டேன். அது வில்லையைத்தான் பார்க்க வேண்டும். வில்லையின் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்த 4 பிலிம் தாளும் மங்கல். 'தேய்முகம்' என்ற சொல்லை வேண்டுமானால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புச் சீலைக்கு யாரும் புதுச்சொல் தேட வேண்டாம், அது ஏற்கனவே இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பியின் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். ஆனால் பௌதிகம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒரு ஆட்சேபம். மெய் விம்பத்தைத் திரையில் பெறலாம் என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் மனதில் இருப்பது வெள்ளை மட்டை. ஒளி விழும் பக்கத்திலேயே நின்று பார்ப்பது. உங்கள் கமராவில் ஆள் நிற்பது மறுபக்கம். ஒளி ஊடாகக் கசிந்து வருகிறது. ஒளிகசியும் பொருள் என்றுதானே நாம் வகைப்படுத்துகிறோம்? ஆகவே 'கசிதிரை'. அதுவும் வினைத்தொகைதான், எழுத்தும் குறைவு.

கல்முனையிலிருந்து:

விம்பம் வடசொல். காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்னின்ற விபுலானந்த அடிகளின் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை விட மனமில்லை. 'உருத்திரை' என்றால் என்ன?

மீண்டும் கல்லடியிலிருந்து:

டீச்சர், 'கசிதிரை' ஓசைக்கு என் சொல்லை விட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிலிமில் படம் எடுக்கிறவனிடம் கசிவு என்ற வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் கறுத்துவிடும். வில்லைக்கும் திரைக்கும் நடுவில் உள்ள துருத்தியின் மடிப்பில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலே படத்தில் வெள்ளைப் புகை படிந்துவிடுகிறது. அதைத்தான் 'ஒளிக்கசிவு' என்கிறோம். கமராவுக்குள் நடக்கக் கூடாத ஒன்றின் பெயரை, நடக்க வேண்டிய இடத்துக்கு எப்படி வைப்பது? திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பதில் எனக்குப் பெரிய சிக்கல் தெரியவில்லை. பாவைக்கூத்தில் தோற்பாவையின் நிழலைத் திரையின் மறுபக்கம் இருந்துதானே பார்க்கிறார்கள்.

கல்முனை அண்ணனுக்கு: 'உருத்திரை' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உருத்திரனுடைய வீட்டுக்காரி வந்து நிற்கிறாள். விம்பம் வடசொல்தான். ஆனால் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்த சொல். அதைக் களைந்துவிட்டு இன்னொன்றைப் பழக்கும் நேரத்தில் நான் இரண்டு தாள் கழுவி எடுப்பேன்.

இன்னொரு காரணம், இதை முதலே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கமராவில் வில்லை பூட்டிய முன்பலகையைச் சற்று முன்னால் சாய்த்தால் காலடியில் கிடக்கும் தோணியும் அக்கரையில் உள்ள கண்டல் மரங்களும் ஒரே குவியத்தில் வரும். பொருளின் தளம், வில்லையின் தளம், விம்பத்தின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பது விதி. 1904இல் ஒஸ்திரிய இராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் தன் காப்புரிமையில் இதை விளக்கினார். அவர் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது. அதைத் தமிழில் விளக்கும்போது 'விம்பத்தளம்' என்ற சொல் தானாகவே வந்துவிடுகிறது. விம்பத்தளத்தில் நிற்கும் பொருள் விம்பத்திரை. கணக்கில் ஒன்று, மரச்சட்டத்தில் ஒன்று. கசிதளம், தேய்தளம் என்றெல்லாம் சொல்ல முடியுமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

தளத்தோடு சேர்த்துச் சொன்னதும் பொருந்துகிறது. சரி, விம்பத்திரையே இருக்கட்டும். கசிதிரையை வகுப்பில் வேறு எதற்காவது வைத்துக்கொள்கிறேன். பலகையை முன்பின்னாகச் சாய்க்கும் டில்ட், பக்கவாட்டில் திருப்பும் சுவிங் இரண்டையும் 'சாய்வு' என்றே எழுதுகிறீர்களே, அது?

மீண்டும் கல்லடியிலிருந்து:

கிடை அச்சில் நடப்பது 'சாய்ப்பு', நிலைக்குத்து அச்சில் நடப்பது 'திருப்பு'. கதவைத் திருப்புகிற மாதிரி. இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

பழைய ஸ்ரூடியோக்காரர் ஒருவரிடம் நேற்று விம்பத்திரை என்று சொல்லிப் பார்த்தேன். "நாங்க கிளாஸ் எண்டுதான் சொல்லுற, மறுகா உங்கட விருப்பம்" என்றார். சனிக்கிழமை வகுப்புக்கு எழுதும் கைந்நூலில் விம்பத்திரை என்றே போடப்போகிறேன்.

அடுத்தது பிலிம் தாங்கியில் உருவி எடுக்கும் அந்தத் தகடு, டார்க் ஸ்லைடு. ஒரு பக்க விளிம்பு வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் ஒளிபடாத தாள், கறுப்பென்றால் எடுத்து முடிந்தது. தயவுசெய்து யாரும் 'இருட்டு வழுக்கி' என்று எழுதிவிடாதீர்கள்.