படத்தில் பார்த்த பாட்டு மேடையில் ஏன் இடம் மாறுகிறது?

மாட்டுங்காவாசி: 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஆங்கில இசை நாடகத்தில் இடி மழைக் காட்சியில் படத்தில் இல்லாத வேறு பாட்டு வருகிறதே, ஏன்? எங்கள் அரங்கில் பழைய சினிமாப் பாட்டு நாடகம் ஒன்று போடப் போகிறோம். எதை மாற்ற வேண்டும்?

செம்பூர்_ஒலி: அங்கே மேடைதான் மூத்தது சார். நாடகம் 1959, படம் 1965. மூலத்தில் இடி மழைக்கு 'லோன்லி கோட்ஹெர்ட்'. 'மை ஃபேவரிட் திங்ஸ்' நாயகி மரியாவும் மடத்துத் தலைவியும் பாடுவது. படம்தான் அதை இடி மழைக்கு மாற்றியது. 'சம்திங் குட்' படத்துக்காக எழுதியது. இப்போது பல மேடைகளிலும் பாடுகிறார்கள்.

முலுண்ட்_மேடை: தலைகீழ் உதாரணம் இந்தி 'முகல்-ஏ-ஆசம்', அங்கே படம்தான் மூத்தது. 1960 படத்தில் மதுபாலாவுக்கு லதா குரல். 2016 நாடகத்தில் அனார்கலியாக நடிப்பவரே நேரடியாகப் பாடுகிறார். பாடிக்கொண்டே சுழன்றால் மூச்சு வாங்கும். அதனால் வேகமான அடவுகளைக் கோரஸ் பெண்களிடம் தள்ளிவிடுங்கள், நாயகி சரணத்தில் நிற்கட்டும். சுருதியை அரைக் கட்டையாவது இறக்குங்கள், ரெக்கார்டிங் சுருதியில் தினமும் பாட முடியாது.

இடையிசையை வெட்டாதீர்கள். உடை மாற்றுவதே அந்த நேரத்தில்தான். உடையில் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை.

செம்பூர்_ஒலி: மைக்கைக் கன்னத்தில் ஒட்டாமல் நெற்றி முடியோரம் வையுங்கள். வியர்வை இறங்கினால் பாதிப் பாட்டில் குரல் மங்கிவிடும். மைக்கின் இடுப்பு டிரான்ஸ்மிட்டருக்குப் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொரு ஷோவுக்கும் புது பேட்டரி. சலங்கைச் சத்தம் மைக்கில் ஏறினால் தரையோர மைக்குகளின் சத்தத்தைக் குறையுங்கள்.

மாட்டுங்காவாசி: படத்தின் குளோசப்புக்கு மேடையில் என்ன செய்வது?

முலுண்ட்_மேடை: ஒரு ஸ்பாட் லைட், மற்றவர்கள் உறைந்து நிற்க வேண்டும். திரையில் முகத்தைப் பெரிதாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது, கண் அங்கேயே போய்விடும்.