பூச்செடிகளை வீட்டுக்குள் எடுக்கலாமா? அவசரம்

சங்குப்பூ | நவம்பர் 27, இரவு 9.40
வணக்கம். இன்றிரவு மைனஸ் 9 வரை இறங்குமாம். என் பூச்செடிகள் எல்லாம் கருகித் தொங்குகின்றன. உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இப்போதே உள்ளே தூக்கிவிடவா?

மொட்டைமாடி
எந்த ஊர்? என்ன செடி? தொட்டியா, நிலமா?

மல்லிகைப்பந்தல்
யோசிக்காமல் உள்ளே எடுங்கள். என் மல்லிகையும் கறிவேப்பிலையும் வரவேற்பறையில் விளக்கு வெளிச்சத்தில்தான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன.

பழையவேம்பு
ஆண்டுதோறும் நவம்பரில் இதே கேள்வி வருகிறது. வாங்கும்போது தொட்டியில் செருகியிருக்கும் அட்டையை யாரும் படிப்பதில்லை. எத்தனையாம் குளிர் மண்டலம்வரை (குளிரின் கடுமையை வைத்து ஊர்களைப் பிரித்த எண்) தாங்கும் என்று அதிலேயே இருக்கும். செடியின் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்தியம் கேட்டால் எப்படி?

சங்குப்பூ
ஸ்காபரோ, டொராண்டோ. செவ்வந்தி, லாவெண்டர், எக்கினேசியா மூன்றும் தொட்டியில். பியோனி, ஹோஸ்டா நிலத்தில்.

மண்வெட்டி
சங்குப்பூ, பதற வேண்டாம். மேலே கருகுவது இயல்புதான். லாவெண்டர் தவிர மற்றவை வேரில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கும் செடிகள். செவ்வந்தியின் அடித்தண்டை விலக்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிச் சின்னச் சின்னப் பச்சை முளைகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. நிலத்தில் இருப்பவற்றுக்கு இன்றிரவு ஒன்றும் ஆகாது. கவலை தொட்டிகளுக்குத்தான். தரையில் வேரைச் சுற்றி மண் போர்த்தியிருக்கும். தொட்டியில் நாலு பக்கமும் குளிர் தாக்கும்.

பழையவேம்பு
அதனால்தான் தொட்டிக்கு, உங்கள் ஊரைவிட இரண்டு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் செடி வேண்டும் என்பார்கள். மல்லிகைப்பந்தல், கறிவேப்பிலை வெப்ப நாட்டுச் செடி. சங்குப்பூவின் செடிகளுக்கோ குளிர்கால உறக்கம் வேண்டும். வீட்டுச் சூட்டில் வைத்தால் வெளிறி, மெலிந்து, மாசிக்குள் போய்விடும்.

மல்லிகைப்பந்தல்
சொல்வதைக் கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாமே ஐயா.

மண்வெட்டி
கராஜ் இருக்கிறதா? சூடேற்றாத கராஜாக இருந்தால் வீட்டை ஒட்டிய சுவரோரம் வையுங்கள். மாதம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு குவளைத் தண்ணீர் போதும். லாவெண்டருக்கு அதிலும் குறைவு. குளிரைவிட ஈரம்தான் அதை அதிகம் கொல்லும். கராஜ் இல்லையென்றால், நிலம் இன்னும் இறுகாத இப்போதே குழி தோண்டித் தொட்டியோடு இறக்கி, மேலே காய்ந்த இலைகளைப் போடலாம்.

மொட்டைமாடி
மண் தொட்டியா? தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும். ஈரம் குடித்த மண் தொட்டி ஏடு ஏடாக உரிந்துவிடும்.

கீரைப்பாத்தி
நிலத்தில் இருப்பதையும் தரையோடு வெட்டிவிடுங்கள். காய்ந்த தண்டில்தான் பூச்சியும் பூஞ்சையும் தங்கும்.

தேன்சிட்டு
எல்லாவற்றையும் வெட்டச் சொல்லாதீர்கள் அக்கா! உள்ளீடற்ற தண்டுகளில் காட்டுத் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. எக்கினேசியாவின் விதைத்தலையைக் கொத்த மஞ்சள் சிட்டுகள் வருவதைப் பார்த்தால் வெட்ட மனம் வராது.

கீரைப்பாத்தி
பியோனியில் பூஞ்சை வந்தால் சிட்டா வந்து காப்பாற்றும்?

மண்வெட்டி
பியோனி விஷயத்தில் கீரைப்பாத்தி சொல்வது சரி: வெட்டி, தழையை அப்புறப்படுத்த வேண்டும். ஹோஸ்டா இலையும் கூழாகி நத்தைக்கு இடம் கொடுக்கும், அதையும் எடுத்துவிடலாம். மற்றவற்றின் தண்டு நிற்கட்டும். பனியைப் பிடித்து வைக்கும், பனி நல்ல போர்வை. மூடாக்கை (மண்மேல் பரப்பும் காய்ந்த இலை போன்றவை) மண் உறைந்த பிறகு போடுங்கள். அது சூடேற்ற அல்ல. மண் உறைந்தும் உருகியும் வேரை மேலே தள்ளிவிடாமல் ஒரே குளிரில் வைத்திருக்கத்தான்.

தேன்சிட்டு
பியோனியை வெட்டட்டும், நான் மறுக்கவில்லை. எக்கினேசியாவை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சங்குப்பூ
செவ்வந்தியில் முளை இருக்கிறது. மூன்றையும் கராஜில் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

சங்குப்பூ | ஏப்ரல் 24
செவ்வந்தியும் எக்கினேசியாவும் துளிர்த்துவிட்டன. பியோனி சிவப்பாக முளை விட்டிருக்கிறது. லாவெண்டர் மட்டும் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. பிடுங்கிவிடலாமா?

பழையவேம்பு
பிடுங்காதீர்கள். லாவெண்டர் தாமதமாகத்தான் விழிக்கும். நகத்தால் தண்டைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மே கடைசிவரை பொறுத்திருங்கள். கத்தரிப்பதும் துளிர் தெரிந்த பிறகுதான். வெறும் கட்டைவரை வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அரிது.