அம்மா திருவிருந்துக்குப் போக மாட்டேன் என்கிறார்கள். செத்துப்போன சித்தியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

தேரிக்காடு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அம்மாவுக்கு 74 வயது. தாத்தா தன் பனைவிளையை அம்மாவுக்கும் சித்திக்கும் பொதுவில் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். பத்திரம் முடிந்தபோது அம்மா பேருக்கு மட்டும்தான் வந்தது. சித்தி தன் பங்கைக் கேட்டார்கள், அம்மா கொடுக்கவில்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பிறகு சித்தி புற்றுநோயில் கிடந்து, "அக்காளைப் பார்க்கணும்" என்று ஆள் விட்டார்கள். அம்மா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அடக்கத்துக்குத்தான் போனார்கள்.

அன்றிலிருந்து அம்மா திருவிருந்தில் நற்கருணை (அப்பமும் ரசமும்) வாங்குவதில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுகிறார்கள். "அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு" (தகுதியில்லாமல் சாப்பிட்டால் தண்டனை) என்கிற கொரிந்தியர் வசனத்தைச் சொல்லிச் சொல்லி நடுங்குகிறார்கள். ராத்திரி 51-ஆம் சங்கீதம் ஓதி அழுகிறார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். "ஆண்டவர் மன்னித்தாயிற்று, வரச் சொல்லுங்கள்" என்றார். அம்மா கேட்பது ஒன்றுதான்: "மன்னிக்க வேண்டியவள் மண்ணுக்குள்ளே இருக்காளே." இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

ஜீவதண்ணீர்:
பிரதர், 1 யோவான் 1:9 போதும். அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர். அதற்குப் பிறகும் குத்திக்கொண்டே இருப்பது சத்துருவின் குரல். அம்மாவை அதைக் கடிந்துகொண்டு ஜெபிக்கச் சொல்லுங்கள்.

முத்துநகர் மரியா:
நான் கத்தோலிக்கப் பெண், தூத்துக்குடி. எங்கள் அம்மாச்சிக்கும் இதே மாதிரி ஒரு பாரம் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் போய் முழங்காலிட்டு, நடந்ததை வாயால் சொல்லி, குருவானவர் "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்று சொன்னதைக் காதால் கேட்ட பிறகுதான் அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பாவப் பரிகாரமாக ஏதாவது செய்யவும் சொல்வார்கள். உங்கள் சபையில் அப்படி வழி உண்டா தெரியவில்லை. சித்தியின் ஆன்மாவுக்காக நாங்களாக இருந்தால் ஒரு பூசையும் வைப்போம். அக்காளும் தங்கையும் கடவுளுக்கு முன்னால் இன்னும் ஒரே குடும்பம்தான் என்பது எங்கள் நம்பிக்கை.

பழைய உபதேசியார்:
தம்பி, நான் உபதேசியாராக (ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிற ஊழியன்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரணப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் பயத்தைச் சாத்தான் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் செய்தது நிஜமான தப்பு. அதை உணருகிற மனச்சாட்சி ஆண்டவர் கொடுத்ததுதான். ஆனால் அந்த மனச்சாட்சிக்குத் தீர்ப்பு எழுதுகிற அதிகாரம் இல்லை. ஜீவதண்ணீர் சொன்ன அதே நிருபத்தில் 3:20 வாசித்துக் காட்டுங்கள்: நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். ராத்திரி அவர்கள் ஓதுகிற 51-ஆம் சங்கீதம், நாத்தான் தீர்க்கதரிசி வந்து தாவீது ராஜாவைக் கண்டித்த சமயத்துக்கு உரியது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டவன் தாவீது. அப்போது உரியா செத்துப்போயிருந்தான். அவனைப் போர்முனையில் சாக விடச் சொல்லிப் படைத்தலைவன் யோவாபுக்கு எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியவன் தாவீது. உரியாவிடம் போய்க் காலில் விழ அவனுக்கும் வழி இல்லை. ஆனாலும் "பாவஞ்செய்தேன்" என்று அவன் சொன்ன அதே வசனத்தில், கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று நாத்தான் சொல்கிறான் (2 சாமுவேல் 12:13). விளைவுகள் தாவீதின் வீட்டை விட்டுப் போகவில்லை, அது வேறு. மன்னிப்பு மட்டும் உரியாவின் கல்லறையில் சிக்கி நிற்கவில்லை. அம்மா இவ்வளவு நாளும் தன் பதிலைத்தான் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு இடம், அதிகம் பேர் பிரசங்கிக்காதது: எண்ணாகமம் 5:5-8. ஒருவன் இன்னொருவனுக்கு அநியாயம் செய்தால் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள அவனுக்கு இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். அநியாயம் பட்டவன் உயிரோடு இல்லாமல் போகலாம் என்பதை மோசேயின் சட்டமே யோசித்து வைத்திருக்கிறது. சித்திக்குப் பிள்ளைகள் உண்டா? உண்டென்றால் விளை அங்கே போகட்டும்.

அது மன்னிப்புக்குக் கட்டுகிற விலை என்று மட்டும் அம்மா நினைத்துவிடக் கூடாது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று வரிவசூல்காரன் சகேயு சொன்னது, இயேசு "உன் வீட்டில் தங்கவேண்டும்" என்று சொல்லி உள்ளே போன பிறகுதான். கொடுத்ததால் அவர் வரவில்லை. அவர் வந்ததால் இவன் கை திறந்தது.

அம்மா நடுங்குகிற அந்தக் கொரிந்தியர் வசனத்துக்கு (1 கொரிந்தியர் 11:29) அதற்கு மேலே உள்ள 20, 21, 22 வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். பணம் உள்ளவர்கள் முந்தித் தின்று குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்ற கூட்டம் அது. சகோதரனை அவமதித்துவிட்டு உறுத்தலே இல்லாமல் அப்பத்தில் கை வைத்தவர்களுக்குச் சொன்னதைக் கொண்டு, அழுதுகொண்டு வாசலில் நிற்கிற கிழவியை ஏன் அடிக்க வேண்டும்? நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால் நாம் என்ன ஜெபிக்கிறோம்? உம்முடைய மேசையின்கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்றுதானே! சபை முழுக்க அதைச் சொல்லிவிட்டுத்தான் கை நீட்டுகிறது. அம்மா அந்த ஜெபத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடுகிறார்கள்.

மரியா அம்மா சொன்னதும் நல்ல ஆலோசனை. 1947-ல் சிஎஸ்ஐ ஆகும்முன் நம் திருநெல்வேலிச் சபைகள் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) சபைகள். மனச்சாட்சி அமராதவன் குருவிடம் வந்து தன் துக்கத்தைத் திறந்து சொல்லட்டும் என்று அந்தச் சபையின் 1662 ஜெபபுத்தகத்தில் அழைப்பே இருக்கிறது. நாம்தான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். ஐயரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அம்மா தானே வாய் திறந்து விளையின் கதையைச் சொல்லட்டும்.

தேரிக்காடு:
ஐயா, ரொம்ப நன்றி. சித்திக்கு ஒரு மகள், ஆரல்வாய்மொழியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பாதி விளையை அவள் பேருக்கு எழுத எனக்கும் தங்கச்சிக்கும் சம்மதம். ஆனால் அம்மா மத்தேயு 5:24-ஐப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு, பிறகு வா என்று இருக்கிறதாம். மகள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அப்போதும் திருவிருந்து கிடையாதா என்று கேட்கிறார்கள்.

பழைய உபதேசியார்:
தம்பி, அந்த வசனத்தில் பலிபீடத்தண்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னது நாம் கொண்டுபோகிற காணிக்கையை. திருவிருந்தில் கொடுக்கிறவர் அவர், வாங்குகிறவர்கள் நாம். ஆரல்வாய்மொழிக்குப் போகிற பலமே அங்கேதான் கிடைக்கும். போகவேண்டியது அம்மாவின் கடமை. கதவைத் திறப்பதும் திறக்காததும் அந்தப் பெண்ணின் இஷ்டம், அவளை அவசரப்படுத்தாதீர்கள். அவள் தாய் கேட்டுக் கிடைக்காமல் செத்தாள் என்கிற வலி அவளுக்கு இருக்கும். மன்னித்துவிட்டேன் என்று உடனே சொல்லும்படி யாரும் அவளை நெருக்கக் கூடாது. பத்திரத்தை முதல் நாளே கையில் எடுத்துப் போகவேண்டாம், அது வாயை அடைக்கிற மாதிரி ஆகிவிடும். முதலில் அம்மா மட்டும் போய்ப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். ஐயரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.